கேட் மூடினால் கூட்டம்

செங்குட்டுவன்: ...அதனால கேமராவ என் மேலயே வச்சிக்கோ பிலாலு. அங்க இங்க திருப்பிகினு இருக்காத.

பிலால்: அண்ணே, கவுன்சிலருக்கு நிக்கிறது அக்காதானே?

செங்குட்டுவன்: அவதான். வார்ட லேடீஸ் வார்டு ஆக்கிட்டானுங்களே, நான் இன்னா பண்ண? இருவது வருசமா ஆட்டோல மைக்கப் புடிச்சிகினு அத்தினி கட்சிக்கும் ஓட்டு கேட்டேன். "அடுத்த தபா உனக்குத்தான் செங்குட்டுவா"ன்னானுங்க. அந்த அடுத்த தபா வந்துச்சு... வார்டு பூடுச்சு.

பச்சையம்மா: அதுக்கு நான் இன்னாய்யா பண்ணுவேன்?

செங்குட்டுவன்: உன்ன யாரு இன்னா சொன்னா? கட்டுன பொண்டாட்டிதானேன்னு உன் பேர்ல மனு போட்டேன். நீ கையெழுத்து போட்ட, முடிஞ்சிச்சு. நாளிக்கி சாயங்காலம் மேடைல என் பின்னால நிக்கிற. கையக் கூப்பிக்கிற. சிரிக்கிற.

பச்சையம்மா: பேச வேணாமா?

செங்குட்டுவன்: அதுக்குத்தான் நான் கீறனே.

பிலால்: அண்ணே, நான் கல்யாணம் காதுகுத்துக்கு வீடியோ எடுக்கிறவன். ஹார்ட்டு போட்டு, உங்க ரெண்டு பேரையும் அதுக்குள்ள உட்டு...

செங்குட்டுவன்: அடிங்! பூட்டு சாவி நம்ம சின்னம். மேலேர்ந்து பூ கொட்ட உடுவல்ல... அந்த மாதிரி பூட்டா கொட்டணும். மறுநாளே கேபிள்ல ஓடணும்.

பிலால்: தலைல பூட்டு உழுந்தா ஆளு காலி அண்ணே. சரி, கூட்டம் எங்க?

செங்குட்டுவன்: ரயில்வே கேட்டாண்ட.

பிலால்: கேட்டாண்டயா! கூட்ஸு போற சத்தத்துல ஒரு எழவும் பதியாது.

செங்குட்டுவன்: அங்கதான் நைனா, இந்த அண்ணன் மூளை வேலை செய்யுது. கேட்ட சாத்துனா சைக்கிளு, லாரி, மீன்பாடி வண்டி, கம்பெனி உட்டு வர்ற ஜனம்... அல்லாரும் நின்னே ஆவணும். ஒருத்தன் எங்கயும் நவுர முடியாது. பிரியாணி கெடயாது, லாரில ஆள் ஏத்தல. ரயில்வேகாரனே கூட்டம் சேத்துக் குடுக்கறான்! அத்த நீ பின்னாலேர்ந்து எடுத்தீன்னா... மாநாடு மாதிரி கீது, இன்னான்ற?

பச்சையம்மா: கேட்ட தொறந்துட்டா?

செங்குட்டுவன்: அதுக்குள்ள பேசி முடிச்சிடுவேன்.

பச்சையம்மா: யாரு... நீ?

செங்குட்டுவன்: இன்னாமே சிரிப்பு?

பிலால்: இருங்க, இருங்க. இங்க கடைலயே ஒரு டெஸ்ட்டு பாத்துருவோம். அண்ணே, செவுத்தாண்ட போய் நில்லு. இன்னும் கொஞ்சம் இந்தாண்ட... இல்ல, அந்தாண்ட... யப்பா, கீழ சாக்பீஸ்ல கோடு போட்டுகீறேன் பாரு, அது மேல. லைட்ட போடறேன், கண்ணக் கூசும். ம், பேசு.

செங்குட்டுவன்: அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நமது சின்னம் பூட்டு சாவி! நமது சின்னம் பூட்டு சாவி! நாளை மாலை ஆறு மணியளவில்... நாளை மாலை ஆறு...

பிலால்: கட்டு, கட்டு! எதுக்கு அண்ணே எல்லாத்தயும் ரெண்டு வாட்டி சொல்ற?

செங்குட்டுவன்: பின்ன? ஆட்டோ தாண்டிப் பூடும்ல? மொத தபா சொல்றது இந்த வூட்டுக்கு. ரெண்டாவது பக்கத்து வூட்டுக்கு.

பிலால்: நாளிக்கி வூடு வூடாவா போவப் போற? ஒரே எடத்துல நிக்கப் போற.

செங்குட்டுவன்: ...அத்த நான் யோசிக்கல.

பிலால்: அப்புறம், கூட்டத்துல நின்னுகினே "நாளை மாலை கூட்டம்"ன்ற. வந்தவன் திரும்பி வூட்டுக்குப் போயிடுவான்.

செங்குட்டுவன்: வாயி அதும்பாட்டுக்குப் போவுதுடா... பழக்கம்.

பச்சையம்மா: கால ஏன்யா ஆட்டற?

செங்குட்டுவன்: வண்டி குலுங்குனாத்தான் எனக்குப் பேச்சே வரும். நிக்கிற எடத்துல நின்னு பேசுனதே இல்லியே... சரி, உடு. இன்னொரு வாட்டி. அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நமது வார்டிலே குடிநீர் லாரி தினந்தோறும் வந்திட...

பச்சையம்மா: யாரு தெனமும் கேட்டா?

செங்குட்டுவன்: ஏய், குறுக்க பேசாத.

பச்சையம்மா: தெனமும் வாணாய்யா. வர்ற அன்னிக்கி நேரத்தோட வரட்டும். வேலைக்குப் போறவ வெடிகாலைல கொடத்த வச்சிட்டு காத்துகினு கெடக்குறா. லாரி உச்சி வெயில்ல வருது. தண்ணி கெடச்சாலும் அவளுக்கு அன்னிக்கி வேலை போச்சு. அத்தச் சொல்லு.

செங்குட்டுவன்: சொல்றேன்... குடிநீர் லாரியானது, குறித்த நேரத்தில், தாய்மார்களின் இன்னலைப் போக்கிட...

பச்சையம்மா: இன்னலாம் இன்னலு! எவளுக்குப் புரியும்?

செங்குட்டுவன்: அப்ப நீயே வந்து பேசேன்!

பிலால்: அக்கா, நீ வந்து நில்லு. சும்மாதான்... சேலைக்கு லைட்டு எப்படி அடிக்குதுன்னு பாத்துக்கறேன்.

பச்சையம்மா: நான் எதுக்கு இப்ப...

செங்குட்டுவன்: போமே. கேமரா கடிக்காது.

பச்சையம்மா: ...என் பேரு பச்சையம்மா. தண்ணி லாரியாண்ட கொடத்த வரிசைல வையின்னு கத்துறது நாந்தான். என்னாண்ட திட்டு வாங்காத பொம்பள இந்த வார்டுல இல்ல. ஆனா எவ கொடமும் காலியாத் திரும்பல. புள்ளத்தாச்சி கொடம் மொதல்ல போவும். கட்சிக்காரன் பொண்டாட்டி கொடம் எங்க கீதோ அங்கதான் கெடக்கும். இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும். இத்த லாரியாண்ட மட்டும் பண்ணிகினு இருந்தேன். இனிமே வார்டு பூரா பண்றேன். கேட்ட தொறக்கப் போறான், வண்டிய எடுங்க. போற வழில யோசிங்க.

பிலால்: கட்டு.

செங்குட்டுவன்: இன்னாமே இது?

பச்சையம்மா: இன்னா?

செங்குட்டுவன்: கேட்டு தொறக்கறதுக்குக்கூட டயலாக்கு வச்சிகினு கீற! நான் நிக்கிறதுக்குள்ள பிலாலு தொண்ட வத்திப் போச்சு... நீ குனிஞ்சிகூடப் பாக்காம நேரா கோட்டு மேல போய் நின்ன. இவன் லைட்ட போட்டான், நீ கண்ணக்கூட சுருக்கல.

பிலால்: அண்ணே, அது வந்து...

பச்சையம்மா: நீ இரு பிலாலு. நானே சொல்லிடறேன். முந்தாநேத்து வந்தேன்யா. நேத்தும் வந்தேன். "கேமராவப் பாக்காதக்கா, கடைசியா நிக்கிற மீன்பாடிக்காரனப் பாத்துப் பேசு"ன்னு இவந்தான் சொல்லிக் குடுத்தான். நாளிக்கி நாந்தான் பேசுவேன்.

செங்குட்டுவன்: மைக்கு என் கைல இருக்குமே.

பச்சையம்மா: புடுங்கலாம்னு இருந்தேன். கேட்டு சாத்துன உடனே.

செங்குட்டுவன்: அத்தினி ஜனத்துக்கு முன்னாலயா!

பிலால்: கோச்சிக்காத அண்ணே. கேமராவக்கூட அக்கா மேலதான் வைக்கறதாப் பேச்சு. உன்ன... ஓரமா எடுக்கலாம்னு.

செங்குட்டுவன்: ஓரமா நின்னுகினு நான் இன்னா பண்றதாம்?

பச்சையம்மா: கையக் கூப்பிக்கோ.

செங்குட்டுவன்: சிரிக்கணுமா?

பச்சையம்மா: வெளையாடாதய்யா. உன் ஆச எனக்குத் தெரியாதா? ஊரான் ஊரானுக்குக் கத்திகத்தி தொண்டயக் கெடுத்துகின ஆளு நீ. உன்னாண்ட இத்த எப்படிச் சொல்றதுன்னு சோறே எறங்கல. ஆனா ஜெயிச்சா கவுன்சில்ல போய் குந்தப் போறது நானு. மொத நாளே வாய மூடிகினு நின்னேன்னு வையி, அஞ்சு வருசமும் அப்படியே நிக்க வேண்டியதுதான். திட்டறதுன்னா திட்டிடுய்யா.

செங்குட்டுவன்: பிலாலு, நான் பேசுன டேப்ப அழிச்சிடாத நைனா. கேவலமாத்தான் இருக்கும், பரவால்ல... ஒருவாட்டி அந்த லைட்டுல நின்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஒரு இது.

பச்சையம்மா: யோவ், நான் இன்னா கேக்கறேன்...

செங்குட்டுவன்: இன்னாத்தமே திட்டச் சொல்ற? முந்தாநேத்தே இந்தக் கடை வாசல்ல உன் செருப்பப் பாத்துட்டேன், உள்ள உன் கொரலும் கேட்டுச்சு. காலைலேர்ந்து கொருக்குப்பேட்ட பூரா ஆட்டோல சுத்தி, "நாளை மாலை வேட்பாளர் பச்சையம்மா அவர்கள் எழுச்சியுரை ஆற்றுகிறார்"னு கத்திகினுதான் வரேன்... நம்ம தெருவுல மட்டும் மைக்க நிப்பாட்டிட்டேன், நீயா என்னாண்ட வாயத் தொறந்து சொல்றியா பாக்கலாம்னு.