சொட்டு மருந்தை நிறுத்தியவர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கண் ஆஸ்பத்திரிச் சீட்டு அந்த அம்மாளின் மடியில் இருந்தது.

“கண்ணுல அழுத்தம் குறைஞ்சிருச்சுன்னு போன தடவ டாக்டரே சொன்னாரு. அதான் சொட்டு மருந்த நிறுத்திட்டேன்.”

“மருந்து ஊத்துனதாலதானங்க குறைஞ்சிச்சு?”

“ஊத்துனப்ப பார்வை கூடவும் இல்ல, நிறுத்துனப்புறம் குறையவும் இல்ல. அப்பறம் எதுக்குத்தான் ஊத்தச் சொல்றாங்க?”

“இருக்குற பார்வை போயிடாம இருக்கத்தான்னு நர்சு சொன்னாங்க.”

“போனா எனக்குத் தெரியாதா?”

அந்த அம்மாள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“டிக்கெட் எடுக்கணும். கண்டக்டர எங்க காணோம்?” என்றார் டிரைவர், நேரே முன்னால் பார்த்தபடி.

கண்டக்டர் அவருடைய இடது தோளருகே, ஓரப் பார்வைக்கு எட்டும் இடத்தில், டிக்கெட் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார்.