நான்கு அடியை நான்கு மீற்றராக்கியவருக்கு நாற்றுமேடைத் தோழர்கள் வாசித்தளிக்கும் மடல்

செம்மலைத் தோட்டத்து நாற்றுமேடைகளுக்கு நாளும் பொழுதும் நீரூட்டிய நெஞ்சினரே, முப்பத்து மூன்று ஆண்டுகள் மூடுபனியிலும் முழங்கால் சேற்றிலும் முகஞ்சுளியாது நடந்த மூத்தவரே, கண்டிப்பில் கருங்கல்லும் கனிவில் கருப்பட்டியுமான எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் திருவாளர் இளையதம்பி ஐயா அவர்களே, வணக்கம்.

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்து, இருபத்தேழாம் வயதில் ஒரு தகரப்பெட்டியோடும் இரண்டு கம்பளிச் சட்டைகளோடும் அப்புத்தளைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கிய தாங்கள், "இந்தக் குளிருக்குள்ள ஆறு மாதம் நிண்டாலே பெரிய காரியம்" என்று நிலைய அதிபரிடம் சொன்னதாகத் தாங்களே எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆறு மாதம்தான் இன்றுவரை நீண்டது. இன்று எங்கள் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஐந்து மலைகளின் செடிகளும் தங்கள் கண்பார்வையில், தங்கள் ஏச்சுப்பேச்சில், பையிலிட்ட நாற்றுகளாய் வளர்ந்தவை.

தங்கள் குணநலன்களை அடுக்கடுக்காய் எடுத்துரைப்பதே இத்தகைய மடலின் வழக்கம். அடுக்கினால் தாங்கள் நடுவில் எழுந்து, "உது காணும், தேத்தண்ணியைக் குடுங்கோ" என்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே தங்கள் நேரந்தவறாமையையும் நேர்மையையும் அயராத உழைப்பையும் இந்த ஒரு வாக்கியத்திலேயே போற்றி முடித்துவிட்டு, எந்தப் பாராட்டு மடலிலும் எவரும் எழுதத் துணியாத ஒன்றை, தாங்கள் செய்த பிழையை, இச்சபையில் எடுத்துரைக்க அனுமதி வேண்டுகிறோம்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு நவம்பரில், நாற்றுகளுக்குத் தானே நீர் பாய்ச்சும் கட்டுப்பாட்டுப் பெட்டியொன்று எங்கள் பம்பு அறைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நீர்மூலங்கள் இரண்டு என்று தாங்கள் கற்பித்தீர்கள். முதலாவது, ஓடைநீர் நிரப்பும் பெரிய தொட்டி. இரண்டாவது, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல்லயத்துக்குப் பீலி என்னும் பொதுக்குழாய் வழியே குடிநீர் தரும் ஊற்று. தொட்டி நீர் குறித்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் மட்டுமே பெட்டி ஊற்றைத் திறக்க வேண்டும் என்பது தங்கள் கண்டிப்பான கட்டளை. அந்த மட்டம் எவ்வளவு என்று பெட்டி கேட்டது. நான்கடி என்று தீர்மானித்து, தங்கள் திருக்கரத்தாலேயே நான்கு என்று அழுத்தினீர்கள். பெட்டியோ மீற்றரில் எண்ணும் பெட்டி. அதை அதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தொட்டியின் முழு உயரமே பத்தடி, அதாவது மூன்று மீற்றர். ஆதலால் தொட்டி நிரம்பி வழிந்தபோதும் பெட்டியின் எண்ணத்தில் அது வெறுந்தொட்டியே. நாற்றுகளுக்குப் போன நீரெல்லாம் ஊற்றிலிருந்தே போயிற்று. மழைக்காலத்தில் ஊற்றும் பெருகிக் கிடந்ததால் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு யூலை வரட்சியில் பீலி வற்றியது. கொழுந்து மலையிலிருந்து திரும்பிய பெண்கள் வெறுங்குடங்களோடு காத்து நின்றார்கள். காரணம் தேடியவர்கள் கண்ணில், ஊற்றுக் குழாயின் அருகே மேல்லயத்து மாரியாயி போட்டிருந்த போஞ்சிக்காய்ப் பாத்தி பட்டது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க அது மட்டும் பச்சையாயிருந்தது. பாத்திரம் கழுவிய நீரைச் சேர்த்து ஊற்றி அவர் வளர்த்த பாத்தி அது. "நான் கொழாயில கையே வைக்கலைங்க" என்று அவர் சொன்னதை எவரும் நம்பவில்லை. ஐயா, தாங்களும் நம்பவில்லை. அவரே தண்ணீர் எடுக்கிறார் என்று தாங்கள் எழுதிய அறிக்கையின் பேரில் பாத்தி பிடுங்கப்பட்டது. அவரை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றி விசாரிக்கத் தோட்ட நிர்வாகியான துரை நாளும் குறித்தார்.

பாத்தியைப் பிடுங்கி ஒரு கிழமையாகியும் பீலியில் நீர் வரவில்லை. தாங்கள் பம்பு இயக்குநனாகிய அடியேனை, இம்மடலை எழுதும் புவனேந்திரனை, அழைத்துக்கொண்டு தொட்டிக்கு ஏறினீர்கள். அந்தக் கடும் வரட்சியில் தொட்டி விளிம்புவரை நிரம்பிக் கிடந்தது. அதில் ஒரு தவளை சுகமாக நீந்திக்கொண்டிருந்தது. விறுவிறென்று இறங்கிவந்து பெட்டியின் இலக்கத்தைப் பார்த்தீர்கள், அதனோடு வந்த புத்தகத்தைப் புரட்டினீர்கள், பிறகு பக்கத்திலிருந்த உரச்சாக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

பொத்தானை நாலு தரம் அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். அடியேன் மெதுவாகச் சொன்னேன்: "மாத்திட்டுப் போயிருவோங்கய்யா. தண்ணி வந்துட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." அப்படிச் சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். தாங்கள் எழுந்து இலக்கத்தை மாற்றினீர்கள். "தண்ணி வந்திடும். அந்த மனுசியின்ர பேருக்கு என்ன செய்யிறது?" என்றீர்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், இருநூறு பேர் வேலைக்குப் பேர்கொடுக்க நிற்கையில், துரையின் முன்னிலையில் தாங்கள் பேசினீர்கள். "தண்ணி எடுத்தது மாரியாயி இல்லை. நான் அடிச்ச இலக்கம் பிழை. விசாரிக்காமல் அறிக்கை எழுதினதும் நான்தான். அதுவும் பிழை." உத்தியோகத்தர் ஒருவர் தொழிலாளர் முன் இப்படி நின்றதை எங்கள் பெரட்டுக்களம் அதற்கு முன் கண்டதில்லை. தங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வரவேண்டிய பதவியுயர்வு வராமலே போயிற்று. மாரியாயி மட்டும் வரிசையிலிருந்து கேட்டார்: "சரிங்கய்யா. எம் போஞ்சிக்கு என்ன பதிலு?" களமே சிரித்தது, தாங்கள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தையில் விதை வாங்கி, கொடி படரக் கம்புக் கட்டொன்றைத் தோளிற் சுமந்து, மேல்லயம் ஏறிப் பாத்தி கொத்தினீர்கள். "இம்புட்டு நெருக்கமாவா ஊனுவாங்க, தள்ளி ஊனுங்க" என்று மாரியாயி இடுப்பில் கைவைத்து மேற்பார்வை செய்ய, நாற்றுமேடைக்கே அதிபதியான தாங்கள் மறுபேச்சின்றித் தோண்டியெடுத்துத் தள்ளி ஊன்றினீர்கள். அதைப் பார்க்க லயமே கூடியிருந்தது. அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் மாரியாயி மூங்கில் தடியால் தொட்டியை அளந்து சொல்ல, தாங்கள் அதை மீற்றராக்கிப் பெட்டி காட்டும் இலக்கத்தோடு ஒத்துப்பார்த்தீர்கள். பெட்டியைத் திட்டுவதில் மட்டும் இருவரும் எப்போதும் ஒரே கட்சி.

பண்டாரவளையில் மகள் சிவரூபியின் இல்லத்தில் இளைப்பாறச் செல்லும் ஐயா, முழங்கால் நோகாமலும் மூச்சு வாங்காமலும், பேரப்பிள்ளைகளை ஏசும் குரல் தேயாமலும், பல்லாண்டு நலமே வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகின்றோம்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் மடலில் இந்தக் கதையை எழுதலாமா என்று எங்களுக்குள் பெரும் வாக்குவாதம் நடந்தது. தீராமற்போகவே மாரியாயியிடமே போய்க் கேட்டோம். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாது தருகின்றோம்:

"எழுதுங்க. அந்தப் பத்து நாளும் எம் மக விதுஷா பள்ளிக்கூடம் போகல. தண்ணித் திருடி மகளேன்னு புள்ளைங்க கூப்புட்டுச்சுங்க. எங்க வீட்டுக்காரரே ஒருநா, நெசமா நீ எடுக்கலதானேன்னு கேட்டாரு. ஐயா பெரட்டுல சொன்னாருல்ல, அன்னைக்குச் சாயந்தரம் பீலியில தண்ணி வந்திருந்துச்சு. எம் மக அவளே போயி, பள்ளிக்கூடத்து வெள்ளச் சட்டைய எடுத்துத் தொவச்சிக்கிட்டு நின்னா."

இங்ஙனம்,
தங்கள் பிரிவால் வருந்தும்
நாற்றுமேடை, பம்பு அறைப் பணியாளர்களும் மேல்லயத்தாரும்
செம்மலைத் தோட்டம், பூனாகலை
31 மார்ச் 2007