குதிரை சாப்பிடவில்லை

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான் ஐயா. சுற்றுவட்டாரத்தில் ஆபத்து இல்லை என்ற நம்பிக்கை வந்துவிட்டால் நம்மைப் போலவே காலை நீட்டிப் படுத்தும் தூங்கும். என் மரவாடிக்கு வந்த குதிரை, வந்த மறுநாளே அறுத்த தூளின் மேல் படுத்துத் தூங்கியது. இடம் பிடித்துப்போய்விட்டது என்று மேஸ்திரி சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மிருகங்களின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

ஒருவர் தன் குதிரையை நம் இடத்தில் விட்டுவிட்டுப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஆட்களுக்கே தெரியவில்லை. நான் அன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் தலையைச் சொறிந்தார். "நாயின்னா வண்டி வந்து புடிக்கும். மாடுன்னா பட்டியில அடைப்பாங்க. குதிரைக்கு யாரக் கூப்பிடறதுன்னு எனக்கே தெரியலைங்க," என்றார். நகராட்சியில் கேட்டேன். அவர்கள் உங்களிடமே போகச் சொன்னார்கள். கடைசியில் கால்நடை மருத்துவர்தான் வந்தார். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார், வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். "நல்ல ஆரோக்கியமா இருக்கு. உடையவங்க வர்ற வரைக்கும் தீனியும் தண்ணியும் குடுங்க, அது போதும்," என்றார்.

உடையவர் யார் என்று நான் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குதிரையின் முதுகில் ஒரு மெத்தைத் துணி கட்டியிருந்தது. என் வீட்டு நீலப் போர்வையை வெட்டித் தைத்தது. என் மகள் தைத்தால் நூல் முடிச்சுகளை வெளிப்பக்கம் விடுவாள். அவள் அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், திருந்தவில்லை. அந்த முடிச்சுகளை நான் விரலால் தடவிப் பார்த்தேன். பிறகுதான் எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் சாலையைக் கடந்து வந்து சொன்னார்.

"காலையில ஒங்க பொண்ணுதான் அண்ணே வந்து கட்டிட்டுப் போச்சு. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில இருக்காராம். கூட இருக்க வேற ஆள் இல்லையாம். அப்பாவ பாத்துக்கச் சொல்லுங்கன்னு சொல்லிச்சு."

"மாப்பிள்ளை வீட்டுக்கு வரல, மாப்பிள்ளையோட குதிரையாவது வந்துச்சே," என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தெரிந்த பிறகும் எதற்குக் காவல் நிலையத்துக்குப் போனீர்கள் என்கிறீர்கள். அவளுக்கு ஒரு தாக்கீது போகும், வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அதைச் செய்யவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மருமகன், அவனை அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை என்றாலும் சொல்கிறேன், பூங்கா வாசலில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுகிறவன். அதுதான் அவன் தொழில். என் மகள் அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, உன் வீட்டில் ஒருநாளும் கை நனைக்க மாட்டேன் என்று சொன்னேன். கோபத்தில் யாரும் சொல்வதுதான். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தாள், நான் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. முன்பெல்லாம் சண்டை வந்தால் நடுவில் அவள் அம்மா இருந்தாள். "உங்கப்பா கிட்ட சொல்லு," "உன் பொண்ணு கிட்ட சொல்லு" என்று ஒரே அறையில் இருந்துகொண்டு அவள் மூலமாகப் பேசிக்கொள்வோம். மனைவி போன பிறகு எங்களுக்கு நடுவில் பேச ஆள் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் வீட்டில் யாரும் கத்த மாட்டோம், கை நீட்ட மாட்டோம். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வோம். மற்றவர் வந்து, "சாப்பிட வாங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் சண்டை முடிந்தது. என்ன தப்பு, யார் தப்பு என்ற பேச்சே கிடையாது. சின்ன வயதில் அவள் என்னிடம் முகம் திருப்பிக்கொண்டு இருப்பாள். நான் சாப்பிடாமல் படுப்பேன். கொஞ்ச நேரத்தில் தட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். "அப்பா, எனக்குப் பசிக்குது, நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்," என்பாள். அந்தப் பிள்ளைக்கு யாரும் பட்டினி கிடந்தால் தாங்காது. தெருநாய் கிடந்தாலும் தாங்காது.

அவள் போன புதிதில் நானும் அப்படிப் படுத்துப் பார்த்தேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மயங்கி விழுந்து, ஊசி போட்டு எழுப்பினார்கள். இனிமேல் ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு எனக்கு அந்த வழியும் அடைபட்டுப்போனது.

குதிரைக்குச் சர்க்கரை கிடையாது.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அதைக் கொல்ல நான் நினைக்கவே இல்லை. தண்ணீர் வைத்தேன். குறைவாக வைத்தேன், ஆனால் வைத்தேன். டீக்கடைக்காரர் தினமும் ஆஸ்பத்திரிப் பக்கம் டீ கொண்டுபோகிறவர். அவரிடம், "குதிரை சாப்பிடலைன்னு அவகிட்ட சொல்லுங்க," என்று சொல்லி அனுப்பினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குதிரை சாப்பிடவில்லை. போட்டும் சாப்பிடவில்லையா, போடாததால் சாப்பிடவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தன் அப்பா ஒரு ஜீவனைப் பட்டினி போடுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை வைத்திருந்தவள், வாசல் தாண்டி வர மாட்டேன் என்று இருந்தாளே.

அவள் வரவில்லை. பதிலுக்குக் காரட் அனுப்பினாள். கழுவி, ஈரத் துணியில் சுற்றி. "எங்களைத் தேடுது போல. கையில வெச்சு நீட்டினா வாங்கிக்கும்னு அப்பாகிட்ட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரால ஒரு நாள்கூட தனியா இருக்க முடியல, திரும்பிப் படுக்கக்கூட நான்தான் புடிக்கணும். கொஞ்சம் எழுந்து உக்காந்ததும் ஓடி வந்துடறேன்னு சொல்லுங்க." ஒரு லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்ததில் குதிரை மிரண்டு அவனைத் தள்ளியிருக்கிறது, இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. என் மரவாடிக்கு வரும் லாரி இல்லை. விசாரித்துவிட்டேன்.

அந்தக் காரட்டை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். நறுக்கி வேகவைத்துச் சாப்பிட்டேன். என் மகள் கையால் கழுவி அனுப்பியது. வீணாக்க மனம் வரவில்லை. மறுபடியும் அனுப்பினாள், மறுபடியும் சாப்பிட்டேன். அத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து எனக்கு வந்த சாப்பாடு அதுதான்.

மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் புல் அறுத்துவந்து போட்டிருக்கிறார். தரையில் சிந்திக் கிடந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். "மொதலாளி, வாயில்லாத ஜீவன். ஒங்க வீட்டுச் சண்டையில அத ஏன் இழுக்கறீங்க?" என்றார். நல்ல மனுஷர். நான் அவர்மேல் கோபப்படவில்லை. ரம்பத்துக்கு ரிப்பேர் என்று சொல்லி எல்லோருக்கும் லீவு விட்டு, வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். சுற்றிலும் உயரமான தகரத் தடுப்பு. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

அதன் பிறகு நானும் குதிரையும்தான். அது என்னைப் பார்க்கும். நான் நாற்காலியைப் போட்டு அதற்கு எதிரே உட்காருவேன். உனக்காகத்தான் அவள் வருவாள், கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சொல்வேன். முதலில் கட்டையைக் கடித்துப் பார்த்தது. தேக்கு மரத்தில் பல் தடம் இப்போதும் இருக்கிறது, உங்கள் ஆட்கள் படம் எடுத்துப் போனார்களே அதுதான். பிறகு மரத்தூளைத் தின்றது. பிறகு அதையும் விட்டுவிட்டது. நான் பக்கத்தில் போனால் என் சட்டைப்பையை மோந்து பார்க்கும். அப்போதெல்லாம் அழுதிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவள் வந்த நிமிடமே போட வேண்டும் என்று தீனி எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். காய்ந்த புல் கட்டுக்கட்டாக, கொள்ளு மூட்டை, தவிடு, புதுத் தொட்டி. எல்லாவற்றையும் கம்பி வலை போட்ட கொட்டகையில் அடுக்கியிருந்தேன். குதிரை கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான். காற்று அடித்தால் வாசனை வரும். அது கயிறு இழுபடும் தூரம் வரை போய் அந்தப் பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கொடுக்க மனமில்லாதவன் அத்தனை வாங்கி வைப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் வந்தாள். பட்டப்பகலில்தான் வந்தாள். வாசல் தகரத்தைத் தட்டி, "அப்பா," என்று கூப்பிட்டாள்.

நான் அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். நடுவில் அந்தத் தகரம் மட்டும்தான். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. ஓடிவந்திருக்கிறாள்.

"அப்பா, கதவத் தெறங்க. அவன் எப்படி இருக்கான்?"

அவன் என்றது குதிரையை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் வலித்தது. அவள் எப்போதும் கேட்கிற மாதிரி ஒரு தடவை, சாப்பிட்டீங்களா அப்பா என்று கேட்டுவிட்டால் திறந்துவிடலாம் என்று நின்றேன். அவள் மறுபடியும் அப்பா என்றாள். மறுபடியும். இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டுத் திறப்போம், இன்னும் ஒரு தடவை என்று சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் குதிரைக்கும் அந்தக் குரல் கேட்டுவிட்டது. மாடு பின்காலை ஊன்றி எழும், குதிரை முன்காலை ஊன்றி எழும். படுத்துக் கிடந்தது முன்காலை ஊன்றிவிட்டது. காது இரண்டும் வாசல் பக்கம் நின்றன. பின்கால் வரவில்லை. அப்படியே உட்கார்ந்த வாக்கில் ஒரு சத்தம் போட்டது. அது கனைப்பு மாதிரியே இல்லை. வெளியே அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவில்லை, குதிரையைத்தான் கூப்பிட்டாள்.

டீக்கடைக்காரர் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். அவள் என்னைத் தாண்டி ஓடினாள். அவள் முந்தானை என் கையில் உரசியது. குதிரை அதற்குள் சாய்ந்துவிட்டது. தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயில் பிழிந்தாள். நாக்கை ஒரு தடவை அசைத்தது. அதோடு சரி.

அவள் கத்தவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா. மெல்ல நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். கடித்த மரத்தைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். புல் கட்டு, மூட்டை, புதுத் தொட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாம் இருந்துச்சேப்பா," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நீலத் துணியை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று கூப்பிட்டேன். இவ்வளவு தூரம் வந்தவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். ஒரு சொல் பிசகில்லை. குதிரையைப் பட்டினி போட்டது நான்தான். தெரிந்தே போட்டேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. உங்கள் முன்னால் வாயால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் கையெழுத்துப் போட மாட்டேன், மன்னிக்க வேண்டும்.

வக்கீலிடம் கேட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டால் முதல் நாளே தண்டனையைச் சொல்லி முடித்துவிடுவார்களாம், யாரும் சாட்சிக்கு வர வேண்டியதில்லை. மறுத்தால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்குமாம். சாட்சி சொல்கிறவர்களை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரவழைக்கலாமாம். புகார் கொடுத்தது என் மகள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் நான் மறுக்கப் போகிறேன் ஐயா. நேற்று கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வராந்தாவில் பெஞ்சுகளை எதிரெதிரேதான் போட்டிருக்கிறார்கள்.