மூன்று பள்ளிகளும் ஒரு மணிக்கட்டும்

தலைமை இருக்கையை அழகுசெய்யும் அவைத் தலைவர் அவர்களே, தனித்தனி வரிசையில் தள்ளித் தள்ளி அமர்ந்திருக்கும், ஐகிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை கற்பிக்கும் மூன்று பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களே, விழுந்து எழுந்தே மூத்த பெரியோர்களே, வாரந்தோறும் வெள்ளைச் சீருடையை வெளுத்துத் தந்து அலுத்துப்போன தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் ஒரு லிப்ட் மெக்கானிக்கின் பணிவான வணக்கம்.

எந்தப் பள்ளி சொல்லித்தரும் முறை சிறந்தது என்று பேசத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். நான் அறிஞனா? இல்லை. ஆசிரியனா? அதுவும் இல்லை. மூன்று பள்ளியிலும் முறையாக விழுந்தவன். அந்த ஒரு தகுதி போதும் என்று தலைவர் நினைத்துவிட்டார்.

முதல் பாடம் மூன்றிலும் ஒன்றுதான். எதிரே நிற்பவர் நம் மணிக்கட்டைப் பிடிக்கிறார். நாம் திரும்பி, அவர் முழங்கையைப் பற்றி, முகம் தரையைப் பார்க்கப் படுக்கவைக்கிறோம். இதில் என்ன வேறுபாடு இருந்துவிட முடியும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் பள்ளியில் எண்ணிக்கை. ஒன்றுக்குக் கால், இரண்டுக்கு இடுப்பு, மூன்றுக்கு முழங்கை. பிடிப்பவர் இரும்பாய்ப் பிடிக்க வேண்டும். இளகினால் ஆசிரியருக்குக் கோபம் வரும். இரண்டாண்டு பழகினேன். நிறுவனம் என்னை ஊரின் மறுகோடிக்கு மாற்றியது. அங்கே இரண்டாம் பள்ளி. முதல் நாளே ஒரு நூலகர் அம்மாவின் கையை, கற்ற வித்தையை மறக்காமல், கவ்விப் பிடித்தேன். "அண்ணே, கொஞ்சம் விடுங்க, விரலெல்லாம் மரத்துப்போச்சு. கையைப் பிடிக்கத்தான் சொன்னாங்க, ஸ்பேனர் போடச் சொல்லல" என்றார்.

அந்தப் பள்ளியில் கை படுமுன்பே திரும்பத் தொடங்கிவிடுவார்கள். பிடிப்பவர் கூடவே ஓட வேண்டும். ஓடக் கற்றேன். மீண்டும் இடமாற்றம், மூன்றாம் பள்ளி. அங்கே முகத்தை நோக்கி முதலில் ஒரு பொய்யடி, பிறகுதான் திருப்பம். ஆசிரியர் கையை ஓங்கியதுமே, பழைய பழக்கத்தில், நானே ஓடிப்போய்த் தரையில் படுத்துவிட்டேன். அவர் குனிந்து பார்த்து, "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்களே" என்றார். சிரியுங்கள், சிரியுங்கள். அன்று அவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

சிரித்து முடித்தீர்களா? இனி மற்றதைச் சொல்கிறேன். லிப்ட் ஓடும்வரை என்னை யார் நினைப்பார்? பகல் முழுதும் இருட்டுக்குழியில் இரும்புக் கம்பியும் கிரீஸும்தான் துணை. வீட்டுக்குப் போனால் நானும் மின்விசிறியும். சாலையைக் கடக்கும்போதெல்லாம் என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அவள் போய் ஆறாண்டு. ஒரு மனிதக் கை மேலே படாமல் ஒரு வாரத்தைக் கழித்திருக்கிறீர்களா? நான் கழித்திருக்கிறேன். ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி, மறுமுனையை மணிக்கட்டில் சுற்றி, முதல் பாடம் பழகியிருக்கிறேன். தனிமை என்னை வாட்டுகிறது ஐயா. மேடை என்பதற்காக அதை மறைத்துப் பேச எனக்கு வரவில்லை.

இப்போது எனக்குக் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடும் வேலை. வாரநாள் வகுப்பு எதற்கும் வர வழியில்லை. எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் என் பெயரில்லை. எஞ்சியிருப்பது ஞாயிறு காலை மூன்று பள்ளியும் சேர்ந்து நடத்தும் பொதுப் பயிற்சி ஒன்றுதான். அதைத்தான் அடுத்த மாதம் முதல் நிறுத்தப் போகிறீர்கள். கலந்து பழகினால் அவரவர் முறை கெட்டுவிடுமாம்.

என்ன சொன்னீர்கள், பின்வரிசை ஐயா? "கெட்டுத்தானே போச்சு, நீங்களே சாட்சி" என்கிறீர்களா? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிப் பழகினாலும், ஓடிப் பழகினாலும், ஓங்கிப் பழகினாலும், பாடம் எங்கே தொடங்குகிறது? ஒருவர் கையை நீட்டுகிறார்; இன்னொருவர் வந்து பிடிக்கிறார். பிடிக்க ஆளில்லாத கைக்கு எந்தப் பள்ளி, என்ன பாடம் சொல்லித்தரும்?

எந்த முறை சிறந்தது என்று கேட்டீர்கள். இதோ, கையை நீட்டுகிறேன். எந்த வரிசையிலிருந்தாவது ஒருவர் வந்து பிடியுங்கள். அந்த முறைதான் சிறந்தது.

நேரம் ஆகிறது. ஆகட்டும், லிப்டுக்குக் காத்திருந்து பழகியவன்தான்.

நூலகர் அம்மா எழுந்து வருகிறார். என்ன கேட்கிறீர்கள் அம்மா? ஒலிபெருக்கியில் கேளுங்கள், ஆசிரியர்கள் காதிலும் விழட்டும்.

"இறுக்கிப் பிடிக்கவாண்ணே, லேசாப் பிடிக்கவா?"

உங்களுக்கு எப்படி வருமோ அப்படிப் பிடியுங்கள்.

தலைவர் அவர்களே, ஒரு கை இவரிடம் இருப்பதால் இருகரம் கூப்பி விடைபெற முடியவில்லை. மறு கையை மட்டும் உயர்த்தி, பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்கிறேன். ஞாயிறு குறித்து நீங்கள் முடிவு சொல்லும்வரை, இவர் விடாதவரை, இப்படியே நிற்கிறேன். வணக்கம்.