ஒற்றை இழை

பழைய பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. என் மனைவியின் வயர்லெஸ் ஹெட்போனும் அப்படித்தான். தலைப்பட்டைக்குள் ஓடும் வயர் நைந்து, இடது பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. அவளுக்கு வலது காது பிறந்ததிலிருந்தே கேட்காது.

பின்னறையில் நாள் முழுக்கத் தையல் மிஷின் ஓட்டுவாள். முன்னறையில் மாமனார். பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் ஸ்பூனால் தட்டுவார். தலைமாட்டு மைக் அதை அவள் காதுக்கு அனுப்பும்.

"சத்தம் வரலைன்னா அப்பா நல்லா இருக்கார்னு அர்த்தம்" என்பாள்.

கடைக்காரர் இரண்டு வயர்களை எடுத்து வைத்தார். ஒன்றினுள் முடி போன்ற பல இழைகள். மற்றதில் ஒற்றை இழை.

"ஒத்தை இழை சுவத்துல அடிக்கத்தான் சார் லாயக்கு. மடங்குற இடத்துல போட்டா நல்லா இருக்கிற மாதிரியே இருந்துட்டு, ஒருநாள் காலை வாரிடும்."

ஒற்றை இழையை வாங்கினேன்.

அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. தட்டில் கை வைத்ததும் ஸ்பூன் சத்தம். எழுந்து ஓடுவாள். அவளுக்காக யாராவது யோசிக்க வேண்டாமா?

சுத்தமாக ஈயம் வைத்துப் பொருத்தினேன். மாமனார் தட்டிக் காட்டினார்.

"அப்பா, காது கிழியுது, மெதுவா" என்று சிரித்தாள்.

அவர் என்னைப் பார்த்து, விளங்கிய ஒரு கையை நெற்றிவரை தூக்கினார்.

வயர் அறுந்தது எனக்கு ஒரு மதியம் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் ஸ்பூன் தட்டியது. பின்னறையில் மிஷின் நிற்கவில்லை. மறுபடி தட்டியது, வேகமாக. பிறகு விட்டுவிட்டு. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவுதான். ஸ்பூன் தரையில் விழும்வரை சாப்பிட்டேன். பிறகு கை கழுவினேன்.

"நான்தான் கேக்காம விட்டுட்டேன்" என்று அழுதாள். உன் தப்பில்லை என்றேன். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

இப்போது அந்தக் கட்டிலில் நான் படுத்திருக்கிறேன். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஹெட்போனுக்குப் பல இழை வயர் வாங்கிவர அவளை அதே கடைக்கு அனுப்பினேன். மாதிரிக்குப் பழைய வயரை எடுத்துப் போனாள். திரும்ப நேரமாயிற்று.

"கடைக்காரருக்கு உங்களை நல்லா ஞாபகம் இருக்குங்க" என்றாள். புது வயரை என் கையில் வைத்தாள்.

படுத்தபடியே நானே மாற்றினேன். நல்ல வேலை, இனி அறுந்துபோகாது. அவளும் மாட்டிக்கொண்டு போனாள்.

தண்ணீர் வேண்டும். வெகுநேரமாக ஸ்பூனால் தட்டுகிறேன், கூப்பிட்டும் பார்க்கிறேன். மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பாவம், அவளுக்கு இன்று வேலை அதிகம் போலிருக்கிறது.