வராந்தாவில் ஒரு கெண்டி

அபேக்கே: ...இது என்னடா கேம்? சுடவும் இல்ல, ஓடவும் இல்ல. காலி வீட்டுக்குள்ள பூனை மாதிரி சுத்திக்கிட்டே இருக்கணுமா?

லான்ரே: அதான் கேம், அக்கா. வீட்டுல யாரும் இல்ல. கிடக்கிற சாமானைப் பார்த்து, இங்க என்ன நடந்துச்சுன்னு நீதான் கண்டுபிடிக்கணும்.

அபேக்கே: அடுத்தவன் வீட்டைக் குடையுறது. நம்ம ஊர்ல இதைச் சும்மாவே செய்வாங்களே.

லான்ரே: உலகம் பூரா விளையாடுறாங்க. மவுஸை மெதுவா நகர்த்து... ஐயோ, எண்ணெய்க் கையோட தொடாதே!

அபேக்கே: எண்ணெய் உன் கையிலதான். வந்ததுலேர்ந்து அந்த அகாரா வடைப் பொட்டலத்தை நீ கீழ வைக்கவே இல்ல.

லான்ரே: இபாடான்லேர்ந்து ஆறிப்போய் வந்தும் எப்படி இருக்கு பாரு. இந்த லாகோஸ்ல காராமணியை அரைக்கவே எவருக்கும் தெரியல. எங்க வாங்கினே?

அபேக்கே: வழியில.

லான்ரே: சரி, அந்தப் பத்திரத்துல கையெழுத்தைப் போட்டுட்டு அப்புறம் விளையாடேன். வீட்டை வாங்குறவர் சனிக்கிழமை வர்றார்.

அபேக்கே: போடலாம், போடலாம். அப்பா வீடு எங்கயும் ஓடிடாது. இரு... வெளிச்சுவர்ல ஏதோ எழுதியிருக்கே. 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல.' பார்றா!

லான்ரே: அங்கதான் கதை ஆரம்பிக்குது. வெளிநாட்டுக்காரங்க அதை ஏதோ பாசம்னு நெனைச்சு உருகுறாங்க. அந்த வீட்டுல இருந்த கிழவர் அது மேல வச்ச பாசமாம்.

அபேக்கே: பாசமா? எவனாவது உனக்கே தெரியாம உன் வீட்டை வித்துடுவான்னு எழுதுறது அது.

லான்ரே: அதேதான். வெளியாளுக்குப் பயந்தும் எழுதுவாங்க, வீட்டு ஆளுக்குப் பயந்தும் எழுதுவாங்க.

அபேக்கே: நம்ம வீட்டுச் சுவர்லயும் இருக்கு.

லான்ரே: சனிக்கிழமைக்குள்ள அதுக்கு வெள்ளை அடிக்கணும். எவன் எழுதினானோ.

அபேக்கே: உனக்குத் தெரியாதா?

லான்ரே: எனக்கெப்படித் தெரியும்? நீ உள்ள போ.

அபேக்கே: இந்த கேமைச் செஞ்சது யாரு?

லான்ரே: யாரோ நம்மூர்ப் பையன். பேர் போடல.

அபேக்கே: ம்... இது கிழவர் படுக்கற அறையா? நல்லாச் செஞ்சிருக்கான் பையன். மருந்து சீசாவுல ரப்பர் பேண்டைக்கூட விடல. ஒரு சீசாவுல ஒண்ணு, இன்னொண்ணுல ரெண்டு.

லான்ரே: மூடி லூசா இருந்திருக்கும்.

அபேக்கே: மூடியில இல்லடா, சீசாவோட இடுப்புல மாட்டியிருக்கு. ஒண்ணுன்னா காலையில, ரெண்டுன்னா ராத்திரி. எழுத்துப் படிக்கத் தெரியாதவங்க வச்சுக்கிற அடையாளம். ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்கு நானே மாட்டி விட்டிருக்கேன்.

லான்ரே: கிழவர் பள்ளிக்கூட வாத்தியார், அக்கா. மேசையில பேப்பரும் கண்ணாடியும் இருக்கு பாரு.

அபேக்கே: அதான் நானும் கேக்கிறேன். அவருக்கு மருந்து எடுத்துக் குடுத்தது யாரு?

லான்ரே: ...அவரோட பெரிய பொண்ணு.

அபேக்கே: பெரிய பொண்ணு நர்சு. கூடத்துல போட்டோ மாட்டியிருக்கே, வெள்ளை உடுப்புல. நர்சுக்குப் படிக்கத் தெரியாதா?

லான்ரே: நீ ரொம்பத் துருவுறே. அதெல்லாம் தடயம் இல்ல.

அபேக்கே: தேடுன்னு சொன்னதும் நீதான், தேடினா வையுறதும் நீதான். சரி, கட்டிலுக்குப் பக்கத்துல சுருட்டி வச்ச பாய்?

லான்ரே: விருந்தாளி வந்தா படுக்க.

அபேக்கே: இத்தனூண்டு பாயில முழங்கால் வரைக்கும்தான் படுக்கலாம். மீதியை எங்க வைப்பாரு விருந்தாளி?

லான்ரே: அக்கா, மாடிக்குப் போயேன். முக்கியமானது மாடியிலதான் இருக்கு.

அபேக்கே: போறேன் இரு. வராந்தாவுல என்ன அது, பச்சைக் கோடு போட்ட பிளாஸ்டிக் கெண்டி?

லான்ரே: அதை விடு! பார்க்கிறவன் எல்லாம் அந்தக் கெண்டியைத்தான் கேட்டுத் தொலைக்கிறான். ஒருத்தன் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறதுங்கிறான். ஒருத்தன் உள்ள விஷம்ங்கிறான். ஒரு மண்ணும் இல்ல. எடுக்க மறந்துட்டேன், அவ்வளவுதான்.

அபேக்கே: நீ எதுக்குடா எடுக்கணும்? யாரோ நம்மூர்ப் பையன் செஞ்சதுன்னே?

லான்ரே: இன்னும் ரெண்டு அகாரா எடுத்துக்கிறேன்.

அபேக்கே: தின்னு, தின்னு. தொண்டையில சிக்கிக்கப் போகுது.

லான்ரே: எப்ப தெரிஞ்சுது?

அபேக்கே: வாசல்லயே. மூணாம் படி உடைஞ்சிருக்கு. நீ விழுந்து பல்லைப் பேத்துக்கிட்ட படிதானே அது?

லான்ரே: அப்பா அடக்கத்துக்கு மறுநாள் வீடு பூரா போட்டோ எடுத்தேனே... இருந்தது இருந்தபடி செஞ்சேன்.

அபேக்கே: மாடியில என்ன வச்சிருக்கே? மறைக்காம சொல்லு.

லான்ரே: பெரிய பொண்ணோட அறை. அலமாரியில பெயிண்ட் டப்பாவும் தூரிகையும்.

அபேக்கே: அதாவது, தம்பிக்குப் பங்கு குடுக்காம வீட்டை முழுசா விழுங்கப் பாக்கிறா பெரியவ.

லான்ரே: அது... கதைக்காக.

அபேக்கே: உலகம் பூரா உக்காந்து என்னைத் திட்டுறாங்களா?

லான்ரே: திட்டுறாங்க.

அபேக்கே: நல்லா?

லான்ரே: எனக்கே புரியாத பாஷையில எல்லாம்.

அபேக்கே: பெரிய மனுஷியாயிட்டேன் போ. நேரா என்கிட்டயே கேட்டிருக்கலாமே?

லான்ரே: கேட்டா சொல்லுவியா? அப்பா போனதுலேர்ந்து அடுத்த மாசம், அடுத்த மாசம்னே இழுத்தடிக்கிறே. திடீர்னு சுவர்ல எழுத்து. இதை நீ விளையாடினா உன் மூஞ்சியிலயாவது ஏதாவது தெரியும்னு பார்த்தேன். எழுதினது நீதானே?

அபேக்கே: நான்தான்.

லான்ரே: அப்ப என் கதை சரி!

அபேக்கே: எழுதின கை சரி. காரணம் தப்பு. நம்ம வீட்டு கேட்டுக்கு வெளியில ஒரு அடுப்பு, ஒரு ஸ்டூல், பெரிய எண்ணெய்ச் சட்டி இருக்குமே, அது எங்க?

லான்ரே: அகாரா சுடுற ரஃபியாம்மா கடையா? எடுத்துட்டேன். கதைக்குச் சம்பந்தமில்ல.

அபேக்கே: கடையை எடுத்துட்டே. கெண்டியை விட்டுட்டே.

லான்ரே: கெண்டி ரஃபியாம்மாவோடதா?

அபேக்கே: அப்பா சர்ச்சுல மூப்பர். அந்த வீட்டுல கெண்டித் தண்ணியில கை கால் கழுவி, பாய் விரிச்சுத் தொழுறது வேற யாரு?

லான்ரே: வாசல்ல கடை போட்டவங்க... தொழுகைக்கு வராந்தாவுல இடம் கேட்டிருப்பாங்க.

அபேக்கே: அப்ப பாய் எதுக்கு அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு?

லான்ரே: மழைக்கு எடுத்து உள்ள வச்சிருப்பாங்க.

அபேக்கே: ரஃபியாம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ரப்பர் பேண்ட் நான் மாட்டிக் குடுத்தது.

லான்ரே: அக்கா... வேணாம்.

அபேக்கே: அம்மா போய் ரெண்டு வருஷம் கழிச்சு, ரஃபியாம்மாவோட அண்ணன் வீட்டுல, பெரியவங்க முன்னால முறைப்படி கோலாக் கொட்டை வச்சு அப்பா அவங்களைக் கட்டிக்கிட்டார். நான் கூட நின்னேன்.

லான்ரே: என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?

அபேக்கே: நானே சொல்லிக்கிறேன்னார் அப்பா. கிறிஸ்துமஸுக்கு நீ வருவே. அவங்க பாயையும் கெண்டியையும் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போவாங்க. நீ கிளம்புற வரைக்கும் அவர் வாயே திறக்கமாட்டார். அந்த நாள்ல மாத்திரையும் ஒழுங்காப் போடமாட்டார்.

லான்ரே: பயமா? என்கிட்டயா?

அபேக்கே: சர்ச்சுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படல. அடக்கத்துக்கும் நீ இருக்கேன்னு அவசரமாப் போனாங்க. பாயும் கெண்டியும் அங்கயே தங்கிப் போச்சு. நீ போட்டோ எடுத்துட்டே.

லான்ரே: அப்ப சுவர்ல எழுதினது அவங்களுக்காகவா?

அபேக்கே: நம்ம வழக்கத்துல வீடு பிள்ளைங்களுக்குத்தான். கட்டினவளுக்கு ஒரு மூலைகூடக் கிடையாது. நீயும் நானும் கையெழுத்துப் போட்டா, அவங்க சட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போவாங்க? அதான் எழுதினேன்.

லான்ரே: சனிக்கிழமை வர்றவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

அபேக்கே: சுவரைப் படிக்கச் சொல்லு.

லான்ரே: சிரிப்பு வரல, அக்கா.

அபேக்கே: எனக்கும்தான். சாவு வீட்டுல ஊருக்கே அகாரா பொரிச்சது யாரு?

லான்ரே: அவங்கதான். வயசாளி செத்தா பொரிச்சுப் பங்கு வைக்கிறது வழக்கம்தானே... கூலிக்கு வந்தவங்கன்னு நெனைச்சேன்.

அபேக்கே: கூலி வாங்கினாங்களா?

லான்ரே: இல்ல. வேணாம்னுட்டாங்க.

அபேக்கே: நீ அவங்ககிட்ட என்ன சொன்னே?

லான்ரே: ...புகை அப்பா படத்துல படியுது, தள்ளி உக்காருங்கன்னேன்.

அபேக்கே: உக்காந்தாங்க.

லான்ரே: அக்கா... இந்த அகாரா நீ வழியில வாங்கலதானே?

அபேக்கே: வாங்கல.

லான்ரே: பத்திரத்தை எடுத்து உள்ள வை. வெள்ளிக்கிழமை இபாடான் வர்றேன். நானே அவங்களைப் பார்த்துப் பேசுறேன்.

அபேக்கே: அவ்வளவு தூரம் எதுக்கு? கீழ என் கார்லதான் உக்காந்திருக்காங்க. மேல வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்துட்டேன். 'நீ போம்மா, அந்தப் புள்ள தள்ளி உக்காரச் சொல்லும், நான் இங்கயே இருந்துக்கிறேன்'னுட்டாங்க.