ஏழாம் அறைக்கு மேலே ஒரு பெஞ்ச்

முதுகு சாய இடமில்லாத பெஞ்சில் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். கடற்கரை நடைபாதையைப் புதுப்பித்தபோது நான் ஒற்றைக்காலில் நின்று கேட்டது அது ஒன்றுதான். இப்போது எல்லாப் பெஞ்சுக்கும் சாய்மானம் உண்டு. நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு என்னைப் பற்றி எழுதுங்கள் ஐயா.

அந்த வேலைக்கு நான் மேற்பார்வையாளன். மனைவி போனபின் வீட்டில் பேச்சுத்துணைக்கு ரேடியோதான். நான் சொல்வதை அது கேட்காது. குடைக்காரர் கேட்பார். நடைபாதைக்கு அடியில் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். ஏழாவதில் வாடகைக் குடைகளோடு அவரும் குடியிருந்தார். மாலையில் கதவை மூன்று முறை தட்டுவேன். உள்ளிருந்து மூன்று தட்டு வரும். பிறகு பழைய பெஞ்சில் இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம். எட்டு வருடம் அப்படிப் போனது.

புதுத் தளம் உள்வாங்காமலிருக்க அறைகளைக் கான்கிரீட்டால் நிரப்ப உத்தரவு வந்தது. அவர் முகத்தில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மக கூப்பிட்டுட்டா தம்பி. நாளைக்குக் கிளம்புறேன்" என்றார்.

மறுநாள் ஏழாம் அறையின் முறை. "ஒரு பெட்டி விட்டுப்போச்சு, அஞ்சே நிமிஷம்" என்று உள்ளே போனார். நான் வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. நிரப்பும் முன் மேற்பார்வையாளர் கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே யாருமில்லை என்று கையெழுத்திட வேண்டும். மூன்று முறை தட்டினேன். பதிலுக்கு மூன்று வந்தது. பேசக் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

மேலே தளத்துத் துளையில் குழாயை இறக்கிய பம்ப்காரர் கொஞ்சம் தயங்கினார். "உள்ள ஏதோ சத்தம் கேக்குதே சார்?"

"அலைதான். நீங்க போடுங்க."

கையெழுத்திட்டேன். நாற்பது நிமிடத்தில் நிரம்பியது.

மகள் தேடி வந்தாள். அவளுக்கு ஆறுதல் சொன்னதும் நான்தான். "எப்பவும் உங்க பேச்சுதான். உங்களையும் கையோட கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருந்தாரு" என்று அழுதாள். அதை என்னிடமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பு அவர்மேலும் இருக்கிறது ஐயா.

ஏழாம் அறைக்கு நேர் மேலே உள்ள பெஞ்சில்தான் தினமும் உட்காருவேன். நேற்றுகூடச் சாவியால் தரையில் மூன்று முறை தட்டினேன். பதில் இல்லை. கோபம் ஆறட்டும். எங்கே போய்விடப் போகிறார்.